ரொட்டியும் ஹை டீயும்: மலையகத்துச் சாப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். அம்மா கொழுந்து எடுத்தார். நான் ஒரு பெரிய ஹோட்டலில் ஒன்பது வருடம் மேசை மேசையாகத் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். இப்போது ஹட்டனில் வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். ஏப்ரல் சீசனுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்களும் கூட்டாளிகளும் வருடா வருடம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

நுவரெலியாவுக்கு வந்தால் ஹை டீ கட்டாயம் சாப்பிட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆசை இருந்தால் ஒரு தடவை போய் வாருங்கள். மூன்றடுக்குத் தட்டு வரும்: கீழே சான்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். ஸ்கோனைச் சூடாகக் கேளுங்கள். ஆறினால் அது காய்ந்த பணிஸ்தான்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மூன்றடுக்குத் தட்டுக்கு இங்கிலாந்தில் பிற்பகல் தேநீர் என்றுதான் பெயர். 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி ஆனா, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே பசி தாங்காமல் தொடங்கிவைத்த பழக்கம் என்பார்கள். ஹை டீ வேறு. வேலை முடிந்து வீடு திரும்பிய ஆலைத் தொழிலாளி அந்திக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாண், இறைச்சி, உருளைக்கிழங்கோடு குடித்த கடும் தேநீர்தான் ஹை டீ. அந்தக் கணக்குப்படி, மலையிலிருந்து இறங்கி வந்து ரொட்டியும் சம்பலும் பால் இல்லாத சாயத்தண்ணியுமாகப் பசியாறிய என் அம்மா நாற்பது வருடம் தினமும் ஹை டீ சாப்பிட்டிருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப அந்த மூணு தட்டு எங்கடா?" என்று கேட்டார்.

மெனுவில் 5,000 என்று இருந்தது, பில் 6,490 வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி சின்னதாக இருந்திருக்கும். முதல் கூட்டல் 10 வீத சேர்விஸ் சார்ஜ், அதோடு 5,500. இரண்டாவது அந்த 5,500க்கு மேல் 18 வீத வற் வரி, அது 990. வற் வரி 2022 நடுப்பகுதி வரை 8 வீதம்தான். அதே வருடம் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 என்று படிப்படியாக ஏறியது. ஐஎம்எஃப் கடனுக்கு நாம் கட்டும் விலையில் ஒரு பங்கு உங்கள் ஸ்கோனிலும் இருக்கிறது.

சேர்விஸ் சார்ஜ் பற்றி முணுமுணுக்காதீர்கள். எங்கள் இடத்தில் மாதக் கடைசியில் அதைப் புள்ளிக் கணக்கில் எல்லோருக்கும் பிரித்தார்கள். அடிப்படைச் சம்பளத்தைவிட அது கூடுதலாக வந்த மாதங்களும் உண்டு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், கொரோனாக் காலத்திலும், 2022 பொருளாதார நெருக்கடியிலும் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. நான் அந்த வேலையை விட்டதற்குக் காரணம் அதுதான். வேறு கதை எதுவும் இல்லை.

அந்தக் கோப்பைத் தேநீரில் கொழுந்து எடுத்தவருக்கு எவ்வளவு போகிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் கேக் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்பார்கள். கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ பச்சைக் கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். சில இடங்களில் 20 கேட்பார்கள். குறைந்தால் அரைப்பேர். நாலரைக் கிலோ கொழுந்து காய்ந்து அரைபட்டு வந்தால் ஒரு கிலோ தேயிலை. ஆக 18 கிலோவிலிருந்து 4 கிலோ கிடைக்கும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் போதும். 4 கிலோவில் 2,000 கோப்பை.

2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ரூபா. அதற்கு மேல் வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் கொடுக்கும் 200. மொத்தம் 1,750. அதை 2,000 கோப்பையால் பிரித்தால் கோப்பைக்கு 87, 88 சதம். ஒரு ரூபாகூட இல்லை.

"அப்ப கம்பனிக்காரன்தான் கொள்ளையடிக்கிறான்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். கொழும்புத் தேயிலை ஏலத்தில் அண்மைய வருடங்களில் கிலோவுக்குச் சராசரியாகக் கிடைப்பது 1,200 ரூபாவை ஒட்டிய தொகை. அந்த 2,000 கோப்பைக்கு ஏலத்தில் 4,800 ரூபா, கோப்பைக்கு 2 ரூபா 40 சதம். உரம், ஃபெக்டரி, விறகு, லொறி, ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி எல்லாம் அதற்குள். 2015இல் நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டுத் தொடங்கிய போராட்டம் வர்த்தமானியில் ஏற 2021 ஆனது. அத்தனை மேடையும் அத்தனை மறியலும் இந்த 2 ரூபா 40 சதத்துக்குள்தான் நடந்தன. அதே 2 கிராம் தேயிலை நல்ல ஹோட்டலில் ஒரு தேநீர்க் குடுவைக்குள் போனதும் பல நூறு ரூபா. பெரிய பணம் மலையில் இல்லை. மலையை விட்டு இறங்கிய பிறகுதான் அது சேருகிறது. கம்பனியும் தொழிற்சங்கமும் அடித்துக்கொள்ளும் மேசைக்கு அந்தப் பணம் வருவதே இல்லை.

கம்பனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக ஒரு தம்பி கோபித்துக்கொண்டார். இல்லை தம்பி. 88 சதம் ஒரு ரூபா ஐம்பது ஆனாலும் ஹை டீயின் விலையில் அது தெரியவே தெரியாது என்பதுதான் நான் சொல்வது. கொடுக்க முடியாது என்று சொல்கிறவர்கள் எல்லோருமே இதை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பெரிய ஹோட்டலில் சாப்பிடுவதே தப்பா?

தப்பு என்றால் ஒன்பது வருடம் நான் செய்ததும் தப்புத்தான். மலையகத்துப் பிள்ளைகள் ஏராளமானோர் இந்தச் சமையலறைகளில் வேலை செய்கிறார்கள். நீங்கள் போகாவிட்டால் கொழுந்துக்காரருக்கு ஒரு சதமும் கூடப்போவதில்லை, அந்தப் பிள்ளைக்குச் சேர்விஸ் சார்ஜ் குறையும். போங்கள். போனால் பரிமாறுகிறவரோடு தமிழில் பேசுங்கள். அவர் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தும் இங்கிலீசில் அதட்டுகிற நம்மாட்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சில்வர் டிப்ஸ் ஏன் அவ்வளவு விலை?

விரியாத மொட்டு மட்டும்தான் அது. அரைப்பதில்லை, புளிக்கவைப்பதில்லை, வாட்டிக் காயவைப்பதோடு சரி. நாள் முழுக்கத் தேடினாலும் கையளவுதான் சேரும். ருசி மிக மெல்லியது. பால், சீனி போட்டுக் குடித்துப் பழகிய நாக்குக்கு வெந்நீர் மாதிரித்தான் இருக்கும். என் சொந்தக் கருத்து: பரிசு கொடுக்க வாங்கலாம், குடிக்க வேண்டாம்.

எங்கே பார்த்தாலும் மச்சா. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு ஜப்பான் தேயிலைத் தூளை ஏன் இறக்குமதி செய்கிறோம்? இங்கேயே செய்ய முடியாதா?

நியாயமான கேள்வி. பச்சைத் தேயிலையை அரைத்தால் மச்சா ஆகிவிடாது. கொழுந்து எடுப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே செடியை மூடி நிழலில் வைக்க வேண்டும். பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, காயவைத்து, நரம்பை நீக்கி, கல் இயந்திரத்தில் மாவாக அரைக்க வேண்டும். அந்தக் கல் மணிக்கு 30, 40 கிராம்தான் அரைக்கும். நம்ம ஃபெக்டரிகள் கறுப்புத் தேயிலைக்காகக் கட்டப்பட்டவை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கியதிலிருந்து வாட்டு, உருட்டு, புளிக்கவை, காயவை என்பதுதான் பெரும்பாலானவற்றின் பாதை. செடியின் இனமும் வேறு. முயற்சி செய்வதில் தவறில்லை, ஆனால் இரவோடு இரவாக நடக்காது.

எனக்குச் சிரிப்பு வருவது வேறு விஷயத்துக்கு. கொழும்பில் மச்சா லாட்டே குடித்துவிட்டுப் படம் போடுகிற அதே பிள்ளை, லயத்துக்கு வந்தால் "பிளேன்டி வேணாம் மாமா, நெஸ்கஃபே இருக்கா?" என்று கேட்கும். பிளேன்டி என்றால் பால் ஊற்றாத வெறும் தேநீர்.

துபாய் சொக்லட்?

பிஸ்தாவும் குனாஃபாவும் வைத்து 2021இல் துபாயில் ஒரு கடை செய்தது. 2023 கடைசியில் டிக்டொக் வழியாக உலகம் சுற்றியது. மலிவாகக் கிடைத்தால் அதில் பிஸ்தா இருக்காது. அடுத்த கேள்வி.

ஹோட்டல் மெனுவில் "எஸ்டேட் ரொட்டி" என்று பார்த்தேன். நம்ம ரொட்டி எப்போது விருந்துச் சாப்பாடு ஆனது?

எனக்கும் முதலில் பார்த்தபோது தொண்டையில் ஏதோ சிக்கியது போல இருந்தது. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். நான் பார்த்த தட்டில் அதைக் குட்டி குட்டியாக வட்டமாக வெட்டி, மேலே கட்டச்சம்பல் ஒரு துளி, பக்கத்தில் ஒரு பூ. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அப்பாயி தட்டிய ரொட்டியின் ஓரம்கூட அதைவிடப் பெரியது.

ரொட்டி நம்ம பாரம்பரியச் சாப்பாடு என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்ட சனம் சோறு தின்ற சனம். தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்து அதைச் சம்பளத்தில் கழித்தது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது, கோதுமை மா ரேஷன் கூப்பனில் உள்ளே வந்தது. பிறகு மா மலிவாகவே கிடைத்தது, சோறு இரவுக்கு ஒதுங்கியது. ரொட்டி மலைக்கு வசதியும்கூட. துணியில் சுற்றிக் கூடைக்குள் போட்டால் பத்து மணித் தேத்தண்ணிக்கு ஆறிப்போயும் தின்னலாம், குழம்பு வேண்டாம், கை கழுவத் தண்ணீர் தேட வேண்டாம். வயிறு நிறையும், மாலைவரை தாங்கும். ஆனால் அது பெரும்பாலும் மாவும் கொஞ்சம் தேங்காயும்தான்.

அந்த மாவும் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 1973, 74 பஞ்சத்தைப் பற்றி அப்பாயி பேசவே மாட்டார். தோட்டங்களில் பட்டினிச் சாவு கூடிய வருடங்கள் அவை. கீரை என்று பேர் சொல்ல முடியாத இலைகளையெல்லாம் வேகவைத்தோம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார், உடனே பேச்சை மாற்றிவிட்டார்.

ஆகவே ரொட்டி விலையேறினால் எனக்குக் கோபமில்லை. நல்ல ரொட்டிக்கு நல்ல விலை கொடுக்கட்டும். அதைத் தட்டுகிறவர் நம்ம பொம்பளையாக இருக்கட்டும், "பாரம்பரியச் சுவை" என்று எழுதுகிற கடதாசியில் கூப்பன் மாவையும் எழுதட்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது, பல லயங்களில் தேங்காய்ப்பூ இல்லாத ரொட்டிதான். அது மெனுவில் வராது.

சுற்றுலா ஊரான எல்லவில் பட்டர்புரூட் (அவகாடோ) டோஸ்டுக்கு ஆயிரம் ரூபாவுக்கு மேல் வாங்குகிறார்களே?

ஒரு பாண் துண்டு, அரைப் பழம், மேலே முட்டை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது லயத்துக்குப் பின்னால் பட்டர்புரூட் மரத்தடியில் பழம் விழுந்து அழுகிக் கிடக்கும். சீனி போட்டுப் பிசைந்து தின்போம், மிச்சத்தைப் பன்றி தின்னும். இப்போது வியாபாரி மரத்தை மொத்தமாக விலை பேசி எடுத்துக்கொண்டு போகிறார். மரம் நிற்பது தோட்டத்துக் காணியில். தண்ணீர் ஊற்றியது லயத்துச் சனம். காசு யாருக்கு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

குரக்கன் (கேழ்வரகு), பலாக்காய் எல்லாம் திடீரென்று "ஆரோக்கிய உணவு" ஆகிவிட்டதே?

குரக்கன் காட்டை வெட்டிப் பயிரிடும் சேனையில் விளைவது, கிராமத்து ஏழையின் மா. நீரிழிவு பெருகியதும் மேசைக்கு ஏறிவிட்டது. நல்லதுதான், ஆனால் கடையில் வாங்கும் குரக்கன் பிஸ்கட்டில் முதலில் எழுதியிருப்பது கோதுமை மாவா என்று பாருங்கள்.

பலாவைச் சிங்களத்தில் சோற்று மரம் என்பார்கள். ஆர்தர் வீ. டயஸ் நாடு முழுக்கப் பலா நடவேண்டும் என்று பாடுபட்டார், "கொஸ் மாமா" என்று அவருக்குப் பேரே வந்தது. இப்போது அதையே சைவ இறைச்சி என்று பர்கருக்குள் வைக்கிறார்கள். 2022இல் கிராமத்தில் எத்தனையோ குடும்பங்களை அந்த மரம் தாங்கியது. எங்கள் பக்கம் உயரமான மலை, பலா அவ்வளவாக வராது. வந்தாலும் மரம் நட லயத்துக்காரருக்குச் சொந்தக் காணி ஏது?

சாப்பாட்டைக் கேட்டால் ஏன் அரசியலுக்குப் போகிறீர்கள்?

நான் போகவில்லை, அது சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள், கிலோ பல ஆயிரம் ஆனது, குழம்பு வெள்ளையாகவே வெந்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள், லீக்ஸும் கிழங்கும் கொழுந்தும் சேர்ந்து படுத்தன. 2022 ஏப்ரல் 12இல் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

காணி விஷயமும் இதில்தான் வருகிறது. 1948இல் ஒரு சட்டம் குடியுரிமையைப் பறித்தது, அடுத்த வருடம் வாக்கும் போனது, வாக்கில்லாதவனுக்குக் காணி கொடுக்க எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. இன்று வீட்டுத்திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்கள் வாசலில் வல்லாரையும் பூசணியும் போட்டிருப்பதைப் பாருங்கள். லயத்து ஆளுக்கு விவசாயம் தெரியாமல் இல்லை.

இப்போது பணவீக்கம் குறைந்துவிட்டதாமே, விலை ஏன் இறங்கவில்லை?

பணவீக்கம் குறைந்தால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. ஏறுகிற வேகம் குறைந்தது, அவ்வளவுதான். மாடிக்கு ஓடி ஏறியவன் இப்போது நடந்து ஏறுகிறான். கீழே இறங்கவில்லை.

மரக்கறி விளையும் ஊரிலேயே கரட் ஏன் இந்த விலை?

2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் ஆயிரம் ரூபாவையும் தாண்டிப்போனது. மழை அதிகமாகி விளைச்சல் போனால் இப்படி ஏறும். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் தோண்டும் கூலிக்கும் கட்டாது. நுவரெலியாவில் விளைவது தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்த் திரும்பி ஹட்டன் கடைக்கு வருவதும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலை சரிந்து பாதையும் தோட்டமும் போனபோது, இந்தச் சுற்றுப் பாதை எவ்வளவு மெல்லிய கயிறு என்று தெரிந்தது. ஹோட்டலுக்குப் போகும் ஐஸ்பர்க் லெட்டூஸும் ஸ்ட்ரோபெரியும் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன, அவற்றுக்கு விலை ஓரளவு நிலையானது. கரட்காரருக்கு அந்த வசதி இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்களா?

2016 நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்கச் சுமார் 17 வீதம், பெருந்தோட்டப் பகுதியில் சுமார் 32 வீதம். அது 2022 பொருளாதார நெருக்கடிக்கு ஆறு வருடம் முந்திய கணக்கு. அம்பேவெலப் பண்ணையில் பால் கறக்கிறார்கள், பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக்குச் சாயத்தண்ணி ஊற்றுகிறார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

தோட்டத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன கொண்டுபோகலாம்?

சொக்லட் பெட்டி வேண்டாம். பருப்பு, சீனி, ஒரு பால்மாப் பக்கெட், நல்ல நெத்தலி. பிள்ளைகள் இருந்தால் பழம். கோழி அடித்து வைத்திருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "கஷ்டத்தில் எதற்கு இவ்வளவு?" என்ற பேச்சு மட்டும் வாயில் வரக்கூடாது. சாப்பிடுகிற தட்டைப் படம் எடுப்பதற்கு முன் அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தெரிகிற கூரைத் தகரத்தைப் படத்தில் காட்ட அவர்களுக்கு விருப்பமிருக்காது.

வீட்டுக்கு நல்ல தேயிலை வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பக்கெட்டின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பீஓபீ, பீஓபீஎஃப், டஸ்ட் என்பதெல்லாம் இலைத்துண்டின் அளவு, தரம் அல்ல. கடும் சாயம் வேண்டுமானால் பீஓபீஎஃப் போதும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம், ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வாங்கியதைக் காற்றுப் புகாத டின்னில் போட்டு, மசாலாப் பெட்டிக்குத் தூரமாக வையுங்கள்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கினால் விடிகாலையிலேயே தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். பிளேன்டியும் ஒரு துண்டு ரொட்டியும் கேளுங்கள், சீனியைத் தனியாக உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டே குடியுங்கள். பில்லில் கூட்டல் குறி இருக்காது.